குப்பையில செஞ்சது குப்பையாத்தான் தெரியுமா?

மே 3, காலை (கேள்வி)

பாட்டில்ல க்ளூ கன் போட்டு சணல் சுத்தினேன், டின் டப்பால பேனா ஸ்டாண்டு பண்ணேன், பழைய பேப்பர்ல பூ செஞ்சேன். மூணையும் வரிசையா அலமாரில வெச்சு தள்ளி நின்னு பாத்தா வீடு காயலாங்கடை மாதிரி இருக்கு. வீடியோல அவங்க பண்றது மட்டும் எப்படி அவ்ளோ அழகா வருது? என் முடிவு இதுதான்: குப்பையில என்ன செஞ்சாலும் குப்பையாத்தான் தெரியும். தப்புன்னா சொல்லுங்க.

மே 3, இரவு (பதில்)

தப்பு. அந்த சணலுக்கு அடியில பாதி லேபிள் அப்படியே இருக்கும், பெட் கட்றேன்.

மே 4

நேத்து ஒரே வரில நக்கல் அடிச்சுட்டு போயிட்டேன், விளக்கமா சொல்றேன். நானும் ஆரம்பத்துல அதேதான் பண்ணேன், லேபிள பிச்சேன், பாதி வந்துச்சு, மீதி வெள்ளையா பிசுக்குன்னு ஒட்டிக்கிட்டு நின்னுச்சு, சரி மேல எப்படியும் கயிறு வருமேன்னு விட்டுட்டேன். கயிறு சுத்தினப்புறம் அந்த எடத்துல மட்டும் லேசா மேடு. தூரத்துல இருந்து பாத்தா எதுன்னு சொல்ல முடியாது ஆனா ஏதோ சரியில்லன்னு கண்ணு சொல்லிடும்.

லேபிள் பசை பொதுவா ரெண்டு ஜாதி. ஒண்ணு தண்ணில கரையிற பசை, சும்மா வெதுவெதுப்பான தண்ணில சமையல் சோடா கொஞ்சம் போட்டு அரை மணி நேரம் ஊற வெச்சா லேபிள் தானா மெதந்து வந்துடும். இன்னொண்ணு ஸ்டிக்கர் பசை, இது தண்ணிய மதிக்கவே மதிக்காது, ராத்திரி பூரா ஊற வெச்சாலும் மேல இருக்கிற பேப்பர் மட்டும் கூழாகும், பசை அப்படியே இருக்கும். இதுக்கு சூடு இல்லன்னா எண்ணெய். ஹேர் டிரையர ஒரு நிமிஷம் காட்டிட்டு ஒரு மூலைல இருந்து பொறுமையா உரிச்சா முழுசா வரும். மிச்ச பிசுக்குக்கு எண்ணெயும் சமையல் சோடாவும் கொழைச்சு தடவி கால் மணி நேரம் விட்டு தேய்ங்க. அப்புறம் பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டு அந்த எண்ணெய மொத்தமா எடுக்கணும், இத விட்டுட்டீங்கன்னா எந்த பசையும் பெயிண்டும் அது மேல நிக்காது.

எந்த ஜாதின்னு முன்னாடியே தெரிஞ்சுக்க ஒரு மூலைய நகத்தால தூக்கி பாருங்க, பசை இழுவையா நூல் மாதிரி வந்தா ஸ்டிக்கர், காஞ்ச கஞ்சி மாதிரி உதிர்ந்தா தண்ணி.

மே 4, கொஞ்சம் கழிச்சு

வெதுவெதுப்பான தண்ணின்னுதான் சொன்னேன், கொதிக்கிற தண்ணின்னு சொல்லல. சில்லுன்னு இருக்கிற பாட்டில கொதிக்கிற தண்ணில எறக்கினா டப்புன்னு விரியும். ஒரு நல்ல நீல கலர் பாட்டில அப்படித்தான் எழந்தேன்.

மே 6

சணல் கயிறுக்கு க்ளூ கன் போட்டேன்னு எழுதியிருந்தீங்க. நானும் போட்டேன், அழகா வந்துச்சு, ஜன்னல் ஓரத்துல வெச்சேன், ரெண்டு மாசம் ஓடுச்சு. வெயில் காலம் வந்ததும் ஒரு மதியானம் பாத்தா கயிறு மேல இருந்து மெதுவா வழுக்கி பாட்டில் அடியில போயி குமிஞ்சு கெடக்கு. எங்க அக்கா வந்து பாத்துட்டு "என்னடா, பாட்டிலுக்கு சாக்ஸ் கழண்டு கெடக்கு"ன்னா. அதுல இருந்து வீட்ல அதுக்கு பேரே சாக்ஸ் பாட்டில்தான்.

காரணம் ரொம்ப சிம்பிள், அந்த கன்ல போடற பசை குச்சி உருகித்தான் ஒட்டுது, அப்போ சூடு பட்டா திரும்ப இளகத்தான் செய்யும். அதுவும் வழவழன்னு சில்லுன்னு இருக்கிற கண்ணாடில அது சரியா புடிக்கிறதுக்குள்ளயே ஆறிடும், நகத்தால நெம்பினா தோல் உரியிற மாதிரி முழுசா உரிஞ்சு வரும். லோ டெம்பரேச்சர் கன் சுமார் 120 டிகிரி, ஹை சுமார் 190 டிகிரி, ஹை கொஞ்சம் நல்லா புடிக்கும், விரல்லயும் நல்லா புடிக்கும் (அனுபவம்).

இப்போ நான் வெள்ளை பசைதான், பிவிஏன்னு சொல்வாங்களே அது. பாட்டில ஸ்பிரிட் வெச்சு தொடைச்சுட்டு ரெண்டு விரல் அகலத்துக்கு மட்டும் பசை தடவி, கயிற இழுத்து புடிச்சு சுத்தி, அது காயற வரைக்கும் டேப் ஒட்டி வெச்சு, அப்புறம் அடுத்த ரெண்டு விரல். ஒரு பாட்டிலுக்கு ஒரு சாயங்காலம் போயிடும். ஆரம்பமும் முடிவும் பாட்டிலோட ஒரே பக்கத்துல வரணும், அந்த பக்கத்த சுவத்த பாத்து திருப்பி வெச்சிடலாம். இத கண்டுபிடிக்க எனக்கு நாலு பாட்டில் ஆச்சு.

மே 9

பேப்பர் விஷயத்துக்கு வரேன், இதுல நான் ரொம்ப அடி வாங்கியிருக்கேன்.

பழைய தட்டு ஒண்ணுல படம் ஒட்டி மேல பசை பூசலாம்னு ஒரு பூ படத்த வீட்டு பிரிண்டர்ல எடுத்தேன். இங்க்ஜெட். மூணு பங்கு வெள்ளை பசை, ஒரு பங்கு தண்ணி கலந்து பிரஷ்ஷால மேல ஒரு இழுப்பு இழுத்தேன், அவ்ளோதான், செவப்பு பூ ரோஸ் ஆறா ஓடுது, இலையெல்லாம் பச்சை சாக்கடை. புள்ளையார் புடிக்க குரங்கான கதைன்னு சும்மாவா சொன்னாங்க. வீட்டு இங்க்ஜெட் மை நெறைய தண்ணில கரையிற சாயம், லேசர் பிரிண்டோ ஜெராக்ஸோ பொடிய சூட்ல உருக்கி ஒட்டறது, அது ஓடாது. பத்திரிகை பக்கமும் ஓடாது. இந்த ஒரு விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது சுருக்கம். பேப்பர் ஈரமானா விரியும், அதுவும் எல்லா பக்கமும் ஒரே மாதிரி விரியாது, நார் ஓடற திசைக்கு குறுக்கால அதிகமா விரியும். நார் எந்த பக்கம் ஓடுதுன்னு பாக்கணும்னா ஒரு ஓரத்த கிழிங்க, நேரா கோடு மாதிரி கிழிஞ்சா அது நார் திசை, கோணக்கோணயா போனா குறுக்கு. காஞ்ச பேப்பர பசை மேல வெச்சதும் அது ஈரத்த குடிச்சு விரிய ஆரம்பிக்கும், விரிய எடம் இல்லாம கொப்புளம் போடும். அதனால பத்திரிகை பேப்பர்னா மொதல்ல ஈர ஸ்பாஞ்சால பின்பக்கத்த ஒத்தி, ஒரு நிமிஷம் விரிய விட்டுட்டு, அப்புறம் ஒட்டுங்க, நடுவுல இருந்து ஓரத்துக்கு விரலால தள்ளுங்க. அப்பவும் ஒண்ணு ரெண்டு கொப்புளம் வரும். காஞ்சப்புறம் அதுல பாதி தானா அமுங்கிடும், உடனே குத்தி நோண்டாதீங்க. நான் நோண்டுவேன், எனக்கு கை சும்மா இருக்காது.

இந்த கத்தரிச்சு ஒட்டற வேலைன்னாலே எனக்கு மேரி டிலேனி ஞாபகம் வரும். 1700ல பொறந்த இங்கிலாந்துக்கார அம்மா, 70 வயசு தாண்டினப்புறம், கணவர் போனதுக்கு பின்னாடி, கலர் பேப்பர சின்ன சின்னதா வெட்டி கறுப்பு பின்னணில பூச்செடிங்கள ஒட்ட ஆரம்பிச்சாங்க. கண்ணு மங்கற வரைக்கும் சுமார் பத்து வருஷம், ஆயிரத்துக்கு கொஞ்சம் கொறையா. எல்லாம் இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. இதழ்ல ஓடற நரம்பு கூட தனி பேப்பர் துண்டு. நான் ஒரு ரோஜாவுக்கே முதுகு வலிக்குதுன்னு எழுந்து போறவன்.

மே 9, ராத்திரி

விட்டுப்போச்சு. நியூஸ்பேப்பர் மஞ்சளாகும். மரத்துல இருக்கிற லிக்னின்ங்கிற பொருள அதுல எடுக்கறதே இல்ல, வெளிச்சமும் காத்தும் பட்டா அது நெறம் மாறும். மேல வார்னிஷ் அடிச்சா கொஞ்சம் தள்ளிப்போகும், நிக்காது. அந்த மஞ்சள்தான் அழகுன்னு நெனச்சா பிரச்சனை இல்ல, வெள்ளையாவே இருக்கணும்னா வேற பேப்பர் எடுங்க.

இன்னொண்ணு, மைதா பசை காய்ச்சி ஒட்டாதீங்க. சீப்பு, நல்லா ஒட்டும், ஆனா ராமபாண பூச்சிக்கும் கரப்பானுக்கும் நீங்க சாப்பாடு போடறீங்கன்னு அர்த்தம். பைண்டிங் காரங்க அதுல மயில்துத்தம் கலப்பாங்க, அது விஷம், கொழந்தைங்க இருக்கிற வீட்ல அந்த வேலையே வேணாம்.

மே 12

டின் டப்பா. ஆணியால ஓட்டை போட்டு உள்ள விளக்கு வெச்சா சுவர்ல புள்ளி புள்ளியா வெளிச்சம் விழும், அது பாக்க நல்லாயிருக்கும். வெறும் டப்பால அடிச்சா நசுங்கும். அதனால எல்லாரும் சொல்றபடி தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சு ஐஸ் ஆனப்புறம் அடிச்சேன். ஓட்டை சூப்பரா விழுந்துச்சு. ஆனா டப்பாவ மேசைல வெச்சா ஆடுது. திருப்பி பாத்தா அடிப்பக்கம் கர்ப்பமா இருக்கு.

தண்ணி ஐஸாகும்போது ஒரு ஒம்போது சதவீதம் பெருசாகும், எங்கயாவது போகணுமே, அடித்தகட்ட தள்ளிடுச்சு. அடுத்த தடவை விளிம்புக்கு ரெண்டு விரல் கொறைவா ஊத்தி வெச்சேன், கொஞ்சம் பரவால்ல ஆனாலும் புடைச்சுது, ஏன்னா மேல்பக்கம் மொதல்ல உறைஞ்சு மூடி போட்டுக்குது. அப்புறம் ஐஸ் உருகினதும் டப்பாவ ஒரு கட்டை மேல கவுத்து வெச்சு அடிப்பக்கத்த சுத்தியலால மெதுவா தட்டி உள்ள தள்ளினேன். மூணாவது தடவை ஐஸே வேணாம்னு டப்பாக்குள்ள சரியா நுழையிற ஒரு உருண்டை மரக்கட்டைய சொருகி அடிச்சேன். அதுதான் பெஸ்ட், கை விறைக்காது, ஓரத்துல ஈரம் சொட்டாது, டப்பா மேல ஒட்டற டிசைன் பேப்பரும் நனையாது.

உள்ள மெழுகுவத்தி வேணாம், எல்ஈடி வைங்க. ஓட்டை ஓரம் துரு புடிக்கும், ஏன்னா உள்ள இருக்கிறது இரும்பு, மேல இருக்கிற மெல்லிசு தகர பூச்சு கிழிஞ்சுடுது. காந்தம் ஒட்டினா இரும்பு, ஒட்டலன்னா அலுமினியம், அத இந்த மாதிரி அடிக்க முடியாது, ரொம்ப மெல்லிசு. ஓட்டை போட்டப்புறம் உள்பக்க பிசிற உப்புத்தாள் போட்டு தேச்சு ஒரு கோட் ஸ்பிரே அடிச்சா ரொம்ப நாள் வரும்.

மே 13

யாரோ கேட்டுட்டாங்க, நூல நெயில் பாலிஷ் ரிமூவர்ல நனைச்சு பாட்டில்ல கட்டி பத்த வெச்சு தண்ணில முக்கினா பாட்டில் ரெண்டா வெட்டுப்படுமேன்னு. வெட்டுப்படும். எனக்கு அஞ்சுல ஒண்ணு நேரா வந்துச்சு, மீதி நாலு மலைத்தொடர் மாதிரி. அது வேலை செய்யற விதம் சூட்டுல விரிஞ்ச கண்ணாடி தண்ணி பட்டதும் ஒரே நொடில சுருங்கறது, ஆனா விரிசல் எந்த பக்கம் போகணும்னு கண்ணாடிக்கு நம்ம சொல்லவே இல்லயே. அந்த ரிமூவர் ஆவியே தீப்புடிக்கும், ரிமூவர் பாட்டில பக்கத்துல தெறந்து வெச்சிருந்தா கதை முடிஞ்சுது.

ஆசையா இருந்தா கண்ணாடி கட்டர்ல ஒரே ஒரு சுத்து கோடு போட்டு, கோட்டு மேல சுடு தண்ணியும் பச்ச தண்ணியும் மாத்தி மாத்தி ஊத்துங்க, விரிசல் கோட்டுலயே ஓடும். ஓரத்த உப்புத்தாள்ல தேய்க்கும்போது ஈரம் வெச்சே தேய்ங்க, கறுப்பு வாட்டர் பேப்பர், சொரசொரப்பு நம்பர் 120ல ஆரம்பிச்சு 400 வரைக்கும். காஞ்ச கண்ணாடி தூசி நுரையீரலுக்கு போகக்கூடாது. கண்ணாடி போட்டுக்கோங்க, அதாவது கண்ணுக்கு. அடுப்புல வெக்கிற மாதிரி போரோசிலிகேட் கண்ணாடின்னா முயற்சியே பண்ணாதீங்க, அது சூட்டுக்கு விரியறதே ரொம்ப கம்மி, நீங்கதான் டயர்டாவீங்க.

எதுக்கு வெட்டணும்னு ஒரு கேள்வி இருக்கு. முழு பாட்டில்லயே பாதி வேலை ஆகிடுது.

மே 17

பேலட் கட்டை. சரக்கு எறக்கினப்புறம் ஓரமா போட்டிருப்பாங்களே, அதுல சுவர் அலமாரி பண்ணலாம், பண்ணியிருக்கேன். எடுக்கறதுக்கு முன்னாடி பக்கவாட்டுல சூடு போட்ட முத்திரை இருக்கும் பாருங்க, கோதுமை கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்துல நாட்டோட ரெண்டு எழுத்து. அதுல எச்டின்னு (HT) இருந்தா சூடு காட்டினது, கட்டையோட நடுப்பகுதி 56 டிகிரில 30 நிமிஷம் இருந்திருக்கணும், பூச்சி சாகறதுக்காக. எம்பின்னு (MB) இருந்தா மெத்தில் புரோமைடுங்கிற விஷப் புகை போட்டது, வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. 2002ல வந்த சர்வதேச விதி இது. முத்திரையே இல்லன்னா என்னன்னு தெரியாது, விட்டுடுங்க. எச்டின்னாலும் மேல எண்ணெயோ மருந்தோ சிந்தின கறை இருந்தா எனக்கு வேணாம்.

ஆணிதான் உயிர வாங்கும். அதுல இருக்கிறது முறுக்கு ஆணி, புடுங்க புடுங்க பலகை பொளந்துக்கும். ரெண்டு பலகைக்கு நடுவுல ஆக்சா பிளேட விட்டு ஆணிய அறுத்துடுங்க, தலை மேல அப்படியே நிக்கட்டும், அந்த துருப்புள்ளிதான் அந்த கட்டைக்கு அழகே. நான் மொத பேலட்ட கடப்பாரை வெச்சு நெம்பி அடுப்பு வெறகு மாதிரி ஆக்கினேன்.

பழைய பெயிண்ட் அடிச்ச கதவு, ஜன்னல் சட்டம் எடுத்தா காய வெச்சு தேய்க்காதீங்க. பழைய பெயிண்ட்ல காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம்.

மே 20

ரெண்டு நாளா உங்க மொத கேள்வியே மண்டைல ஓடுது. மே 3 அன்னிக்கி தப்புன்னு அடிச்சு சொன்னேன். இப்போ பாதி சரின்னு தோணுது.

எண்ணி பாத்தேன். அந்த அலமாரிக்கு கட்டை இனாம். உப்புத்தாள், பிரைமர், வார்னிஷ், பிரஷ், ஸ்க்ரூ, பாதில ஒடிஞ்ச டிரில் பிட்டு, எல்லாம் சேத்தா புதுசு வாங்கியிருக்கலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். மிச்சம் புடிக்கத்தான் பண்றேன்னு வீட்ல சொல்றதெல்லாம் பொய்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், யாரும் பேசிக்கறதில்ல.

அப்புறம் கட்டிலுக்கு அடியில மூணு பெட்டி. மூடி, பாட்டில், பட்டன், டாய்லெட் பேப்பர் உருளை மட்டும் ஒரு பை. "எதுக்காவது ஆகும்". நேத்து தெறந்து பாத்தா உருளைல பாதி ஈரத்துல நமுத்து போயிருக்கு. அது குப்பைதான், நான் அலங்காரம்னு பேர் வெச்சு தூக்கிப்போட தள்ளிப்போட்ட குப்பை.

ஆனா மத்த பாதிய விட்டுக்குடுக்க மாட்டேன். பிகாசோ 1942ல சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேத்து ஒரு காளை தலை பண்ணாரு, ரெண்டே சாமான். சீட்டு சீட்டாவே தெரியுது, ஹேண்டில் ஹேண்டிலாவே தெரியுது, எதையும் மூடல, ஆனா காளைய பாக்காம இருக்க முடியாது. டிலேனி அம்மா அதுக்கு நேர் எதிர், கிட்ட போனாக்கூட பேப்பர்னு தெரியாது. எனக்கு தோணறது, குப்பையா தெரியறது ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறதுதான், பாதி மூடி பாதி விட்டது. கயிறுக்கு அடியில லேபிள் மேடு, பெயிண்டுக்கு அடியில தெரியற பிராண்டு எழுத்து, பூவுக்கு பின்னாடி எட்டி பாக்கற தலைப்புச் செய்தி.

மே 21

பழைய சிடி பத்தி ஒரு கேள்வி. உடைச்சு மொசைக் ஒட்டறதுக்கு எனக்கு இஷ்டமில்ல, ஓரம் கத்தி மாதிரி. வேற ஒண்ணு செய்ங்க, எழுத்து இருக்கிற பக்கத்துல பிளேடால ரெண்டு கீறு போட்டு பேக்கிங் டேப்ப அழுத்தி ஒட்டி சரக்குன்னு இழுங்க, வெள்ளி படலம் டேப்போட வந்துடும், கண்ணாடி மாதிரி ஊடுருவி தெரியற வட்டு மிஞ்சும். டிவிடில வராது, அதுல படலம் ரெண்டு வட்டுக்கு நடுவுல இருக்கு. வானவில் வரக் காரணம் உள்ள சுத்தி சுத்தி போற தடம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 1.6 மைக்ரான்தான் எடைவெளி.

பண்ணப்புறம் அத என்ன பண்றதுன்னு கேக்காதீங்க. என்கிட்ட முப்பது இருக்கு. ஆமா, அந்த பெட்டிலதான்.

மே 26

டி-ஷர்ட் கயிறு. கை இடுக்குக்கு கீழ இருக்கிற பகுதிய மட்டும் எடுத்து, குறுக்கால ஒரு அங்குல பட்டையா வெட்டி, ரெண்டு முனையையும் புடிச்சு ஒரு இழுப்பு இழுங்க. ஓரம் தானா உள்பக்கம் சுருண்டு உருண்டை கயிறாகிடும், வெட்டின பிசிறே தெரியாது. பின்னல் துணிக்கு மட்டும்தான் இந்த மந்திரம், சட்டைத் துணில வராது, நூல் நூலா பிரியும். பக்கவாட்டு தையல் இருக்கிற டி-ஷர்ட்னா அங்கங்க முடிச்சு மாதிரி நிக்கும்.

மூணு இழைய ஜடை பின்னி வட்டமா சுத்தி தச்சா மிதியடி. என்னுது நடுவுல கிண்ணம் மாதிரி குழிஞ்சுடுச்சு, ஜடைய இறுக்கி இழுத்து தச்சதால. தட்டையா தரைல வெச்சு, இழுக்காம, லூசா விட்டு தைக்கணும். குழிஞ்சத பிரிக்க மனசு வரல, இன்னும் ரெண்டு சுத்து மேல ஏத்தி தச்சு கூடையாக்கிட்டேன். யாரு கேட்டாலும் கூடைதான் பண்ணேன்னு சொல்லுவேன்.

ஜூன் 2

போட்டோ போட்டதுக்கு நன்றி. பேனா ஸ்டாண்ட்ல லேஸ், பட்டன், சணல், மினுமினுப்பு, ஒரு பட்டாம்பூச்சி. டப்பா எங்கன்னே தெரியல. லேஸயும் பட்டாம்பூச்சியையும் எடுங்க, பட்டன்ல ஒண்ண மட்டும் விடுங்க. பூ நல்லாத்தான் இருக்கு, இதழ் ஓரத்த பென்சில்ல சுருட்டியிருக்கீங்க, அது சரியா வந்திருக்கு, ஆனா மூணு சாமானையும் ஒரே தட்டுல நெருக்கி வெச்சதாலதான் காயலாங்கடை. பூவ மட்டும் அங்க விட்டுட்டு மத்த ரெண்ட வேற ரூம்ல வெச்சு ஒரு நாள் பாருங்க.

ஜூன் 2, ராத்திரி

உங்களுக்கு சொல்லிட்டு என் ஜன்னல பாத்தேன். சாக்ஸ் பாட்டில் இன்னும் அங்கதான் நிக்குது, கயிறு அடியில குமிஞ்சபடியே. அத முழுசா அவுத்தேன். உள்ள நல்ல இளம்பச்சை கண்ணாடி, இத ஏன் மூடினேன்னே தெரியல. தண்ணி ஊத்தி ஒரு கொடி கிளைய போட்டு வெச்சிருக்கேன். தண்ணிய வாரம் ஒரு தடவை மாத்திடணும், இல்லன்னா கொசு முட்டை போட்டுடும்.

வெளிச்சத்துல திருப்பி பாத்தா ஒரு பக்கத்துல வெள்ளையா சதுரமா ஒரு தடம். அந்த பழைய லேபிள் பசை, அன்னிக்கி எப்படியும் கயிறு வருமேன்னு விட்டது. பெட்ல நானே தோத்துட்டேன். எண்ணெய் கிண்ணத்த எடுத்துட்டு வரேன்.